நுரை நிற்கும் நேரம்

கியாய் மரப்பட்டை ஊறிய நீரைக்
குடுவையில் ஊற்றிக் குலுக்கினேன்.
நுரை எழுந்தது.
கடிகாரத்தை அழுத்திவிட்டு
அது எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டிருக்க
தால்கா நகரத்தில் எனக்கு மாதச் சம்பளம்.

மூலக்கூறின் ஒரு கை நீரைப் பிடிக்கும்,
மறு கை எண்ணெயைப் பிடிக்கும்.
இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு
இரண்டையும் பிரியவிடாத கல்யாணத் தரகர் போல.
மரம் அதைச் செய்வது நமக்காக அல்ல.
பூஞ்சை உள்ளே நுழைந்தால்
அதன் தோலைக் கிழிக்க.

திங்கள் முதல் வியாழன் வரை பிரிக்கிறேன்.
எஃகுக் குழாய்க்குள் பழுப்புச் சாறு போகும்;
மறுமுனையில் ஒவ்வொன்றாக வெளியேறித்
திரையில் ஒரு மலைத்தொடர் வரையும்.
பதினேழாம் நிமிடத்தில் ஒல்லியாக ஒரு சிகரம்.
மருந்துக் கம்பெனிக்கு அது மட்டும் போதும்.
தடுப்பூசியில் துளி சேர்த்தால்
உறங்கும் உடம்பைத் தட்டி எழுப்புமாம்,
வாசலில் யாரோ நிற்கிறார்கள், பார் என்று.
மிச்ச மலைகள் கழிவுக் கேனுக்கு.
ஒரு மூட்டைப் பட்டைக்கு என் கையில் தேறுவது
தும்மினால் பறந்துவிடும் வெண்தூள்.

அண்ணன் எலாதியோ வடக்கே, கலாமாவில்,
செம்பு படியவைக்கும் கூடத்தில்.
அமிலத் தொட்டிகளில் குமிழ்கள் ஏறி
மேலே வந்து வெடிக்கும்.
ஒவ்வொரு வெடிப்பும் ஒரு பொடித் தூறல்.
மழையே அறியாத பாலைவனத்தில்
கூரைக்கு அடியில் மட்டும் ஓயாத தூறல்.
கிறிஸ்துமஸுக்கு வந்தவனின் சட்டையைத் துவைக்க எடுத்தேன்.
மார்பு முழுக்க ஊசிக்கண் ஓட்டைகள்.
வெளிச்சத்தில் பிடித்தால் விண்மீன்கள் போல என்று
எழுதத் தோன்றியது.
எழுதவில்லை.
சிரித்தபோது பார்த்தேன்,
முன்பற்களின் விளிம்பு கண்ணாடியாகத் தேய்ந்திருந்தது.

அப்போதுதான் கழிவுக் கேன் ஞாபகம் வந்தது.
ஒரு லிட்டர் திருடினேன்.
திருட்டுதான்; பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை.
அமிலத்தின் மேல் ஊற்றினேன்.
நாற்பது நொடி. செத்தது.
இன்னொன்று, மூன்று நிமிடம்.
தொட்டியின் சூட்டுக்கு ஏற்றியதும்
திரிந்த பாலாகிப்போனது.
கம்பெனி வேண்டாமென்ற சிகரங்களை
ஒன்றோடொன்று திரும்பச் சேர்த்தேன்,
வாரமெல்லாம் பிரித்த அதே கையால்.

வெள்ளி இரவு, பதினொன்றாம் கலவை.
ஒரு விரல் கனத்துக்கு நுரை ஏறிப் படுத்தது.
கீழிருந்து வந்த குமிழ்கள் அதில் முட்டி
வெடிக்க இடமின்றி அடங்கின.
மேலே நீல லிட்மஸ் தாளைப் பிடித்தேன்.
சிவக்கவில்லை.
கை வலித்தது. இன்னும் பிடித்திருந்தேன்.
சிவக்கவில்லை.
கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது,
அதை நிறுத்த வேண்டியவளுக்கு அது மறந்துவிட்டது.

தலைமை வேதியியலாளர் பெர்னார்தா சோட்டோமயோர்
முதலில் திட்டினார். பிறகு கேட்டார்:
'பட்டை, வெட்டிய மரத்தினுடையதா?'
'இல்லை, கவாத்துக் கிளைகள்.'
'அப்படியானால் உட்கார். எழுது.'

எட்டு மாதம் கடிதம், கூட்டம், மறுபடி கடிதம்.
ஒரே ஒரு கூடத்தில் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்கள்.
காற்றில் அமிலம் பாதிக்கும் கீழே என்று
முத்திரையோடு அறிக்கை வந்தது.
எலாதியோ வேலை செய்வது
அடுத்த கூடம்.

'எட்டிப் பார்த்தேன்' என்கிறான் தொலைபேசியில்,
'ஊருக்கே பீர் ஊற்றி வைத்த மாதிரி இருக்கிறது.'
சிரிக்கிறான்.
சிரிப்பு பாதியில் இருமலாகிறது.
நான் பேசாமல் காத்திருக்கிறேன்.
என் கை மேசையில்
கடிகாரத்தைத் தேடுகிறது.